ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் உடனே சென்சார் வாங்காதீர்கள்: பழுதைத் தேடும் முறை

பொள்ளாச்சிக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவில் ரோட்டோரமாக எங்கள் பட்டறை இருக்கிறது. முக்கால்வாசி கார் எலக்ட்ரிகல் வேலைதான். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தால், மீட்டரில் ஏ.பி.எஸ். (பலமாக பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) மஞ்சள் விளக்கு எரிகிற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இறங்குகிறவர் கையில் ஒரு புது டப்பா இருக்கும். "ஏனுங்ண்ணா, ஏ.பி.எஸ். லைட்டு எரியுதுங்க. ஸ்கேன் பண்ணுனதுல சென்சாருன்னு வந்துச்சுங்க. வாங்கியே வந்துட்டனுங்க, மாட்டி மட்டும் குடுத்துருங்க" என்பார்.

அந்த டப்பாவைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போன வண்டிகள் நிறைய. பிரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழையைப் படிக்கும் கருவி) காட்டும் பிழை எண், எந்தச் சக்கரத்திலிருந்து தகவல் சரியாக வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. சென்சார், அதன் ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி), பல் வளையம், வீல் பேரிங், சில நேரம் டயர் என்று அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் எது என்று பிரித்துக் காண்பதுதான் வேலை. வேலை பழக வரும் தம்பிகளுக்கும், சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் நான் சொல்லித்தரும் வரிசையை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

சென்சார் என்ன செய்கிறது

நான்கு சக்கரத்திலும் ஆளுக்கொரு சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ அது பார்த்துக்கொண்டே இருக்கும். பற்கள் கடக்கிற வேகத்தை வைத்து ஏ.பி.எஸ். யூனிட் (அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப்போனால், அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டு, மறுபடி கொடுத்து, நொடிக்குப் பல தடவை இப்படிச் செய்து அதைச் சுற்ற வைக்கும். சக்கரம் சுற்றினால்தான் ஸ்டியரிங் கேட்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழையில் நனைந்த அந்த ரோட்டில் எதிரே பஸ் வரும்போது ஸ்டியரிங் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வழியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் 2018 ஏப்ரலிலிருந்து புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதனால் இன்று சின்னக் காரிலும் இந்த வேலை வருகிறது.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. பின்னால் மீட்டர் வைக்கும்போது இது தெரியாவிட்டால் நல்ல சென்சாரையே கெடுத்துவிடலாம். பழைய வகையில் ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மட்டும் இருக்கும். பல் கடக்கும்போது அதுவே சிறிய ஏ.சி. மின்சாரத்தை உண்டாக்கும். புது வகையில் உள்ளே ஒரு சிப் இருக்கும். அதற்கு ஏ.பி.எஸ். யூனிட்டிலிருந்து மின்சாரம் வர வேண்டும். இரண்டிலும் பெரும்பாலும் இரண்டே ஒயர்தான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முதலில் விளக்கைப் பாருங்கள்

சாவியைப் போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அது தன்னைத் தானே சோதித்துக்கொள்கிற நேரம். எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதுதான். பழைய கார் வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். விளக்கையே எரியாமல் செய்து விற்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏ.பி.எஸ். மட்டும் இருக்காது. நிதானமாக ஓட்டி வீடு சேரலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு போகவில்லை என்றால், முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். அப்போது பலமாக பிரேக் மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். மலையில் இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து பேட்டரி. சோர்ந்த பேட்டரியோடு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் தாழ்ந்து ஏ.பி.எஸ். விளக்கு வருவது உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஏ.பி.எஸ்.ஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபியூஸ் இருக்கும், எல்லாவற்றையும் பாருங்கள். இதற்கெல்லாம் பத்து நிமிஷம் போதும்.

பிழை எண்ணை எடுப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் பிழைகளைப் படிப்பதற்கென்றே 16 முனை உள்ள ஓ.பி.டி. கப்ளர் இருக்கும். ஸ்கேனரை அங்கே மாட்ட வேண்டும். ஒன்று கவனியுங்கள்: போனோடு புளூடூத்தில் இணையும் மலிவான கருவிகள் பலவும் இன்ஜின் பிழையை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஏ.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஏ.பி.எஸ். யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு அது வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வருகிற எண்ணை அழிப்பதற்கு முன் பேப்பரில் எழுதுங்கள். பொதுவான எண்களில் சி 0035 முன் இடது, சி 0040 முன் வலது, சி 0045 பின் இடது, சி 0050 பின் வலது. கம்பெனிக்குக் கம்பெனி தனி எண்களும் உண்டு. இடது, வலது என்பதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறபடி. அதாவது நமக்கு வலது டிரைவர் சைடு, இடது கிளீனர் சைடு. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். அவர்கள் "டிரைவர் பக்கம்" என்றால் அது இடது. நல்லா இருக்கிற சக்கரத்தைக் கழற்றி நாள் முழுக்கத் தேடிய தம்பி ஒருவன் எங்கள் பட்டறையிலேயே உண்டு.

எழுதி வைத்த பிறகு எண்ணை அழித்துவிட்டு, விளக்கு எப்போது திரும்ப வருகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

சாவி போட்டதும், வண்டி நகராமலே, விளக்கு வந்துவிட்டால் அது மின்சாரப் பழுது. ஒயர் அறுந்திருக்கும், ஒயர் பாடியில் தொட்டுக்கொண்டிருக்கும், கப்ளரில் பச்சைப் பாசி பிடித்திருக்கும், அல்லது சென்சாருக்குள்ளேயே அறுந்திருக்கும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்த பிறகுதான் வருகிறது என்றால் ஒயர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, சமிக்ஞைதான் சரியில்லை. பல் வளையம், பேரிங், சென்சார் முனையில் அழுக்கு, சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, டயர் அளவு ஆகியவற்றைத் தேட வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தால் மட்டும் வருகிறது என்றால் ஷாக்கப்சர் ஓரமாக மடங்கி நிமிர்கிற இடத்தில் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் வந்தது என்றால் கப்ளருக்குள் தண்ணீர். வண்டிக்காரரிடம் "எப்பங்க வருது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

விளக்கே வராமல், சிக்னலில் நிற்கப்போகும் கடைசி சில அடியில் பெடல் மட்டும் கடகடவென்று உதைக்கிறது என்று ஒரு புகார் வரும். இதைப் பிரேக் பேடு தேய்மானம் என்று நினைத்துப் பேடு மாற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பல் வளையத்தில் விரிசல் விழுந்திருந்தால் இப்படித்தான் செய்யும். விரிசல் உள்ள இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே தூரம் கூடிவிடுகிறது. மெதுவாகப் போகும்போது அந்த ஒரு இடைவெளியை யூனிட் "சக்கரம் பூட்டிக்கொண்டது" என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் பிரேக்கை விடுகிறது. நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக்கை விடுவது ஆபத்து. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஓடும்போது நான்கு வேகத்தையும் பார்ப்பது

ஸ்கேனரில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் நேரலையாகப் பார்க்கும் வசதி இருந்தால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் கையில் ஸ்கேனரைக் கொடுங்கள். ஓட்டுகிறவர் அதைப் பார்க்கக் கூடாது. நேரான ரோட்டில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுழியத்தில் நின்றால் அல்லது விட்டு விட்டு விழுந்தால் அந்தச் சக்கரம். ஒன்று மட்டும் எப்போதும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால் டயர் அளவைப் பாருங்கள். சிறிய டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். பஞ்சரான அவசரத்தில் வேறு அளவு டயரைப் போட்டுவிட்டு மறந்தே போயிருப்பார்கள்.

பழைய வகைச் சென்சார், வண்டி ஊர்ந்து போகும்போது ஒன்றும் காட்டாது. ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே அதன் மின்சாரம் மிகவும் குறைவு. நான்கும் ஒன்றாகச் சுழியம் காட்டி, ஒன்றாக மேலே வந்தால் அது பழுது இல்லை. புது வகை, தள்ளிப் போகிற வேகத்திலேயே காட்டும்.

சக்கரத்தைத் தூக்கிக் கண்ணால் பார்ப்பது

மண் தரையில் ஜாக்கி போடாதீர்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) வேலை செய்கிறவர்கள் வண்டியைச் சிமென்ட் களத்துக்குக் கொண்டு போய்விடுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைத்து, வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகே கையை உள்ளே விடுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஒயரைச் சென்சார் முனையிலிருந்து கப்ளர் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். நம் பக்கத்தில் ஒயருக்கு எமன்கள் மூன்று. முதலாவது எலி. தென்னந்தோப்புக்குள் நாலைந்து நாள் வண்டி நின்றால் போதும், ஒயரின் மேல்தோலைக் கடித்து வைத்திருக்கும். இரண்டாவது, ரோட்டில் காயப்போடும் கொள்ளுக்கொடியும் சோளத்தட்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் அறுவடை நேரத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கொடி டிரைவ் ஷாஃப்ட்டில் (சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்டில்) சுற்றிக்கொண்டு ஒயரைக் கிளிப்பிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. தொங்குகிற ஒயர் வாரக்கணக்கில் டயரில் உரசி, அப்புறம்தான் அறுபடும். அதனால் ஒயர் முழுசாக இருந்தாலும் கிளிப்புகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் தினமும் கழுவுகிற வண்டியின் கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காய வைத்து மாட்டினால் பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும். கப்ளரின் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பிறகு சென்சார் முனை. கோயமுத்தூரில் வார்ப்படப் பட்டறை, லேத்துப் பட்டறை இருக்கிற தெருக்களில் நிற்கும் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இரும்புத் தூள். காந்தம் இருக்கிற இடத்தில் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பிரேக் டிஸ்க் தேய்ந்து வரும் தூளும் அதோடு சேரும். அதைத் துணியால் துடைத்து எடுத்தாலே சமிக்ஞை சரியாகிவிடுவது உண்டு.

மீட்டர் வைப்பது

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டர். முதலில் எந்த வகைச் சென்சார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்வீஸ் மேனுவல் இருந்தால் அதில் இருக்கும். இல்லாவிட்டால் சாவியை அணைத்துவிட்டுச் சென்சார் கப்ளரைப் பிரியுங்கள். மறுபடி சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்திலிருந்து வரும் கப்ளரின் இரண்டு முனைக்கும் நடுவே டி.சி. வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் புது வகை. ஒன்றிரண்டு வோல்ட் மட்டும் இருந்தால் பழைய வகையாக இருக்கலாம். இதைச் சாவி போட்ட சில நொடிக்குள் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் யூனிட் சென்சார் இல்லை என்று கண்டுபிடித்ததும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்புறம் மீட்டர் வைத்தால் ஒன்றும் வராது, ஒயர் அறுந்துவிட்டது என்று தவறாக முடிவு செய்துவிடுவீர்கள். சந்தேகம் இருந்தால் நல்ல சக்கரத்தின் கப்ளரில் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள்.

பழைய வகை என்றால் வேலை எளிது. சென்சார் பக்கக் கப்ளரில் ஓம் (மின்தடை அளவு) பாருங்கள். பெரும்பாலான கார்களில் சுமார் 800 முதல் 2,500 ஓமுக்குள் வரும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், அதனால் எதிர்ப்பக்கச் சென்சாரையும் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள், அங்கே எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. பிறகு மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றுங்கள். நூறு மில்லிவோல்ட்டோ அதற்கு மேலோ வந்தால் சாதாரணமாக நன்றாக இருக்கிறது. ஓம் சரியாக இருந்து மில்லிவோல்ட் மட்டும் மிகவும் குறைவாக வந்தால் இடைவெளி கூடியிருக்கிறது அல்லது வளையம் கெட்டிருக்கிறது.

புது வகைச் சென்சாரில் ஓம் வைக்காதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை, உள்ளே இருக்கிற சிப்புக்கும் நல்லதில்லை. அதில் நேராகப் பேட்டரி கரண்டைக் கொடுப்பதும், டெஸ்ட் லாம்ப் வைப்பதும் கூடவே கூடாது. அந்தச் சென்சார் பேசுவது கரண்டின் அளவில்: பெரும்பாலும் 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று இரண்டு நிலைகளுக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்கும். இதை ஆசிலோஸ்கோப்பில் (சமிக்ஞை ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) அழகாகப் பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என் யோசனை, கப்ளருக்கு மின்சாரம் வருகிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்துவிட்டு, மீதியை ஸ்கேனரின் நேரலை வேகத்தில் பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கும் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஸ்கேனரில் எண் ஏற வேண்டும்.

மின்சாரம் வரவில்லை என்றால் கப்ளருக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒயரைச் சோதிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, யூனிட் கப்ளரையும் பிரித்துவிட்டு, இரண்டு முனைக்கும் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். மீட்டர் பிடித்திருக்கும்போதே இன்னொருவரை ஒயரை மடக்கவும் இழுக்கவும் சொல்லுங்கள். தோல் முழுசாக இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்த இடம் அப்போதுதான் வெளியே தெரியும்.

அறுந்த ஒயரை ஒட்டுப்போடுவது பற்றி ஒரு வார்த்தை. ஷாக்கப்சர் ஓரமாக மடங்கி நிமிரும் பகுதியில் சால்டர் வைத்த ஒட்டு நிற்காது. ஈயம் ஏறிய இடத்தின் ஓரத்திலேயே கம்பி மறுபடி ஒடியும். அங்கே அறுந்திருந்தால் ஒயரோடு சேர்ந்த சென்சாரை மாற்றுவதே சரி. பாடியோடு ஒட்டி அசையாமல் இருக்கும் பகுதியில் என்றால் ஒட்டலாம். ஆனால் இரண்டு ஒயரும் முறுக்கி வந்திருந்தால் அந்த முறுக்கை அப்படியே வைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் குழாய்) போட்டு மூடுங்கள். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் ஒயரில் கத்தியே வைக்காதீர்கள்.

வளையமும் பேரிங்கும்

பல் வளையம் வெளியே தெரிகிற வண்டிகளில், டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட்டில் அது உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்து, சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். துரு வளையத்துக்கு அடியில் ஏறி உப்பினால் வளையம் வெடிக்கும். மயிரிழை விரிசல் அழுக்குக்குள் மறைந்துவிடும், அதனால் கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் பாருங்கள். டிரம் பிரேக் உள்ள சில சிறிய கார்களில் பின் வளையம் டிரம்மோடு சேர்ந்தே இருக்கும். டிரம் மாற்றியவர்கள் வளையம் இல்லாத டிரம்மைப் போட்டுவிட்டால் விளக்கு எரியத்தான் செய்யும்.

காந்த வளையம் வேறு மாதிரி. அது வீல் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே ரப்பரோடு சேர்ந்து இருக்கும், பற்களே இருக்காது. பார்த்தால் சாதாரணச் சீல் மாதிரிதான். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும்.

உடுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் இந்த விளக்கோடு அலைந்தார். வேறொரு இடத்தில் முன் பேரிங் மாற்றியிருக்கிறார்கள், மறுநாளே விளக்கு வந்திருக்கிறது. சென்சார் என்று ஒன்று மாற்றினார்கள். அப்புறம் அந்தச் சென்சார் போலி என்று சொல்லி இன்னொன்று மாற்றினார்கள். என்னிடம் வந்தபோது, "பேரிங் மாத்துனதுக்கு முந்தி இந்த லைட்டு வந்ததுங்களா, பெரீப்பா?" என்று கேட்டேன். "ஒரு நாளும் வந்ததில்ல தம்பி" என்றார். கப்ளருக்கு மின்சாரம் சரியாக வந்தது, நேரலையில் அந்தச் சக்கரம் சுழியம். சென்சாரைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்கு நேரே பேரிங் சீலில் ஒரு குண்டூசியை வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. பேரிங்கைத் திருப்பி அடித்திருக்கிறார்கள். காந்தப் பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஆன செலவை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. காந்தம் காட்டும் பச்சைத் தாள் ஒன்று சின்ன விலைக்குக் கிடைக்கும். பேரிங் பொருத்துவதற்கு முன்பே அதைச் சீல் மேல் வைத்தால் கோடு கோடாகத் தெரியும் பக்கம்தான் சென்சார் பக்கம். அதோடு, அந்தப் பேரிங்கைக் காந்தத் தட்டு, ஸ்பீக்கர் மாதிரி எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள், வளையத்தின் காந்தம் கெட்டுவிடும்.

பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் இடைவெளி மாறி விளக்கு வரும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓடும்போது 'உம்ம்' என்று சத்தமும் இருந்தால் பேரிங்கையே சந்தேகப்படுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

இத்தனையும் பார்த்து, சென்சார்தான் என்று உறுதியான பிறகு கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரே போல்ட்டுதான், 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும் அல்லது அறுகோண சாவி வேண்டியிருக்கும். போல்ட்டு சுலபம், சென்சார்தான் துருவில் பிடித்துக்கொண்டு வராது. சுத்தியலால் தட்டினால் பிளாஸ்டிக் ஒடிந்து முனை உள்ளேயே தங்கிவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே மேலே எடுங்கள். ஸ்ப்ரே பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ படாமல் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

துவாரத்தை உப்புத்தாளை உருட்டி விட்டுத் துருப் போகத் தேயுங்கள். சென்சார் உட்காரும் முகத்திலும் துரு இருக்கக் கூடாது. துரு கொஞ்சம் உப்பி இருந்தாலே சென்சார் மேலே தூக்கிக்கொள்ளும். வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். சென்சார் முனையில் கிரீஸ் வேண்டாம், அதில் இரும்புத் தூள் ஒட்டும். புதுச் சென்சாரைக் கையால் அழுத்தினால் முழுசாக உட்கார வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் காது ஒடியும். போல்ட்டை அளவாக முறுக்குங்கள், பல கார்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். ஒயரைப் பழைய வழியிலேயே கொண்டு போய் எல்லாக் கிளிப்பிலும் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஒயர் இழுபடவில்லை, டயரில் தொடவில்லை என்று பார்த்த பிறகு சக்கரத்தைப் போடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பிழை எண்ணை அழியுங்கள். சில வண்டிகளில் அழித்த பிறகும் விளக்கு எரியும். கொஞ்ச தூரம் ஓட்டி, நான்கு சக்கரமும் நன்றாக இருக்கிறது என்று யூனிட் பார்த்த பிறகுதான் அணையும். அதனால் உடனே மனம் தளர வேண்டாம்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போங்கள். பிளாட் போட்டு இன்னும் வீடு வராத சைட்டுகளின் உள்ரோடு இதற்கு வசதி. பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதியுங்கள். பெடல் காலுக்கடியில் துடிக்கும், கடகடவென்று சத்தம் வரும், வண்டி நேராக நிற்கும். அது ஏ.பி.எஸ். வேலை செய்கிற சத்தம், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அடுத்து 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக மிதித்து நிறுத்துங்கள். இப்போது பெடல் துடிக்கவே கூடாது. துடித்தால் வளையத்தை மறுபடி பாருங்கள்.

மறுநாள் காலையில், ராத்திரி ஈரம் இறங்கிய வண்டியில், இன்ஜின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரை மறுபடி ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். எண் எதுவும் வரவில்லை என்றால் தேதி, கிலோமீட்டர், எந்தச் சக்கரம், என்ன பழுது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.